காறை எலும்புக்கு எந்தப் பிளேட்? டைட்டானியமா ஸ்டீலா என்பது கடைசிக் கேள்வி

"டைட்டானியமா, ஸ்டீலா சார்?" என்று பில்லிங் கவுன்டரில் இருந்த பெண் கேட்டபோது என் இடது கை ஸ்லிங்கில் தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில், தோலுக்கு அடியில் குடைக்கம்பி மாதிரி ஏதோ முட்டிக்கொண்டு நின்றது. உடைந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்க ஸ்க்ரூ போட்டு உள்ளே வைக்கும் பிளேட்டைத்தான் கேட்கிறார். என்ன சொல்வதென்று தெரியாமல் மனைவியைப் பார்த்தேன். "டைட்டானியம்தான் சார் இப்ப எல்லாரும் போடுறாங்க" என்று அந்தப் பெண்ணே பதிலையும் சொல்லிவிட்டார். புடவைக் கடையில் பட்டா காட்டனா என்று கேட்கிற தொனி. யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்து, விழுந்த நாளிலிருந்து ஒன்பதாம் நாள்தான் தியேட்டருக்குள் போனேன். நடுவில் இரண்டு எலும்பு டாக்டர்களிடம் கூடுதலாகக் காட்டினேன், கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். கவுன்டரில் முதலாவதாகக் கேட்கப்பட்ட கேள்வி உண்மையில் ஐந்தாவதோ ஆறாவதோ வர வேண்டியது என்பது அப்போதுதான் புரிந்தது.

நான் டாக்டர் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஈ.சி.ஆரில் முட்டுக்காடு பாலம் தாண்டி சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது குறுக்கே ஒரு நாய் வந்தது, நான் தோளில் விழுந்தேன், அவ்வளவுதான். கையை ஊன்றி விழுந்தால்தான் இந்த எலும்பு உடையும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் தோள் நேராகத் தரையில் மோதித்தான் உடைகிறது. காறை என்பது அந்தக் காலத்தில் கழுத்தை ஒட்டிப் போட்டுக்கொண்ட வளையம். அது படுகிற இடத்தில் இருப்பதால் காறை எலும்பு. ஆஸ்பத்திரியில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், காலர் போன் அல்லது கிளாவிக்கிள் என்பார்கள்.

எந்தப் பிளேட் என்று கேட்பதற்கு முன்னால் எலும்பு எங்கே உடைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த எலும்பு எஸ் வடிவத்தில் வளைந்தது, நடுவில் மெல்லியது, அதனால் ஏறக்குறைய 80 சதவீத முறிவுகள் நடுப்பகுதியில்தான். மீதியில் பெரும்பாலானவை தோள்பட்டை ஓரத்தில், நெஞ்சுப் பக்கம் உடைவது ரொம்ப அபூர்வம். நடுவில் உடைந்தால் கழுத்துத் தசை உள்பக்கத் துண்டை மேலே இழுக்கும், கையின் எடை வெளிப்பக்கத் துண்டைக் கீழே இழுக்கும், மார்புத் தசை அதை உள்ளே தள்ளும். அதனால்தான் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி தோள் குறுகிப்போகிறது. இதை நின்றுகொண்டு எடுத்த எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டும், படுத்துக்கொண்டு எடுத்ததில் விலகல் குறைவாகத் தெரியும். எனக்கு முதலில் ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து எடுத்த படத்தில் "லேசா விலகியிருக்கு" என்றார்கள். இரண்டாவது டாக்டர் நிற்கவைத்து எடுத்தார், 2 சென்டிமீட்டருக்கு மேல் குறுகியிருந்தது, நடுவில் ஒரு சில்லு செங்குத்தாகத் திரும்பி நின்றது. அதே எலும்பு, அதே வாரம். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இப்படி ஆனால், வேறு எதைக் கேட்காவிட்டாலும் நின்ற நிலையில் ஒரு படம் வேண்டும் என்று கேளுங்கள்.

பிளேட்டே வேண்டாம் என்பதும் ஒரு தேர்வு, அதைத் தள்ளிவிட்டுப் பேசினால் இந்த ஒப்பீடு பாதிதான். அம்மா முதல் நாளே "புத்தூருக்குப் போய்க் கட்டு போட்டுட்டு வந்துடலாம், உங்க தாத்தாவுக்கு அப்படித்தான் கூடுச்சு" என்றார். தாத்தாவுக்குக் கூடியது உண்மைதான். முட்டையின் வெள்ளைக்கருவும் பச்சிலையும் மூங்கில் தப்பையும் வைத்துக் கட்டி அனுப்பினால் கூடும், ஸ்லிங்கில் கையைத் தொங்கவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாலும் கூடும், ஏனென்றால் இந்த எலும்பு பெரும்பாலும் தானாகவே கூடிக்கொள்ளும் ஜாதி. 1960-இல் சார்லஸ் நீர் (Neer) என்ற அமெரிக்க டாக்டர் ஆபரேஷன் இல்லாமல் விடப்பட்ட 2,235 பேரில் மூன்று பேருக்குத்தான் கூடவில்லை என்று எழுதினார். பல பத்தாண்டுகள் அந்தக் கணக்கை வைத்துத்தான் "காலர் போனுக்கெல்லாம் யாரும் கத்தி வைக்க மாட்டாங்க" என்று சொல்லிவந்தார்கள்.

பிறகு வந்த ஆய்வுகள் அந்த நிம்மதியைக் கொஞ்சம் கலைத்தன. நன்றாக விலகிய நடுப்பகுதி முறிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு 2007-இல் கனடாவில் 132 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். கடைசிவரை வந்தவர்களில், பிளேட் போட்ட 62 பேரில் இரண்டு பேருக்குக் கூடவில்லை, ஸ்லிங் மட்டும் போட்ட 49 பேரில் ஏழு பேருக்குக் கூடவில்லை. கூடுவதற்கு ஆன சராசரிக் காலம் பிளேட்டுக்கு 16 வாரம், ஸ்லிங்குக்கு 28 வாரம். 2012-இல் ஆறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது கூடாமல் போனது ஆபரேஷன் செய்தவர்களில் 1.4 சதவீதம், செய்யாதவர்களில் 14.5 சதவீதம். இதைப் படித்தவுடன் பிளேட்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். ஆனால் 2013-இல் எடின்பரோ பக்கம் 200 பேரை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வு இருக்கிறது. அதிலும் கூடாமல் போனது பிளேட் போட்டவர்களில் ஒருவருக்கு, போடாதவர்களில் 16 பேருக்கு. ஆனால் கூடாமல் போனவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மீதிப் பேருக்குக் கை வேலைசெய்வதில் வித்தியாசமே இல்லை. அதாவது பிளேட்டின் லாபம் முழுவதும் அந்தக் கூடாத சிலரைக் காப்பாற்றுவதில் இருக்கிறது. எப்படியும் கூடியிருக்கும் மற்றவர்களுக்கு அது ஒரு தழும்பும் ஒரு பில்லும்தான்.

ஆக, நான் அந்தச் சிலரில் ஒருவனாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் கேள்வி. துண்டுகள் ஒன்றையொன்று தொடவே இல்லை, 2 சென்டிமீட்டருக்கு மேல் குறுகல், பல சில்லாக உடைந்திருக்கிறது, சிகரெட் பழக்கம் இருக்கிறது என்றால் வாய்ப்பு ஏறும். எனக்கு முதல் மூன்றும் இருந்தன. நான்காவதை விட்டு ஆறு வருடம் ஆகிவிட்டது (மனைவி மூன்று என்கிறாள்). எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தாலோ, கிழிக்கிற மாதிரி தோல் வெளுத்து நின்றாலோ, கை நரம்போ ரத்தக்குழாயோ பாதிக்கப்பட்டாலோ இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, நேரே ஆபரேஷன்தான். சின்னப் பிள்ளைகளுக்கோ பெரும்பாலும் தேவையே இல்லை, அவர்கள் எலும்பு கோணலைத் தானே சரிசெய்துகொள்ளும். என் மாமா ஒருவர், 71 வயது, தோள் ஓரத்தில் உடைந்து கூடாமலேயே விட்டுவிட்டார். எக்ஸ்ரேயில் இன்னும் இடைவெளி தெரிகிறது, மனிதர் அந்தக் கையால் தினமும் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறார், வலி இல்லை. கூடாத எலும்பு எல்லாமே தொந்தரவு தருவதில்லை என்பதற்கு அவர் நடமாடும் சாட்சி.

ஸ்லிங் என்று முடிவானால், முதுகுப் பக்கம் எட்டு வடிவத்தில் இழுத்துக் கட்டும் கிளாவிக்கிள் பிரேஸை நம் ஊரில் நிறைய எழுதிக்கொடுக்கிறார்கள். 1987-இலேயே டென்மார்க்கில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள்: எலும்பு கூடுவதில் வித்தியாசமில்லை, சாதாரண ஸ்லிங் போட்டவர்களுக்கு அவஸ்தை குறைவு. அக்குள் அறுந்துபோகிற மாதிரி இழுத்துக்கொண்டு சென்னை வெயிலில் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.

சரி, பிளேட்டுக்கு வருவோம். கடையில் இருக்கிற வகைகளைப் பழசிலிருந்து சொல்கிறேன்.

ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் பிளேட் என்று ஒன்று, டாக்டர்கள் ரீகான் பிளேட் என்பார்கள். ஓரங்களில் வெட்டு வெட்டாக இருக்கும், அதனால் தியேட்டரிலேயே இடுக்கியால் வளைத்து எலும்பின் எஸ் வடிவத்துக்குக் கொண்டுவரலாம். விலை குறைவு. அதன் நல்ல குணமே கெட்ட குணமும்: டாக்டர் கைக்கு வளைகிற பிளேட் உங்கள் கை எடைக்கும் வளையும். எலும்பு கூடுவதற்குள் பிளேட் வளைந்துபோவது இதில்தான் அதிகம். இரண்டே துண்டாகச் சுத்தமாக உடைந்திருந்து, நோயாளியும் சொன்னபடி கையைத் தூக்காமல் இருந்தால் இது போதும், எத்தனையோ பேருக்குப் போதுமாக இருந்திருக்கிறது. என்னுடையது மாதிரி நடுவில் சில்லு இருந்தால் மொத்த பாரமும் பிளேட்டின் மேல்தான் விழும், அதற்கு இது வேண்டாம். அடுத்தது டி.சி.பி. என்கிற நேரான, தடித்த பிளேட். பலம் அதிகம், ஆனால் எஸ் வடிவ எலும்பில் நேர்க்கோலை வைத்த மாதிரி, ஓரங்கள் துருத்திக்கொள்ளும், வளைக்கவும் லேசில் வளையாது.

இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் முதலில் சொல்வது முன்கூட்டியே எலும்பு வடிவத்தில் வளைத்துச் செய்த லாக்கிங் பிளேட். இடது வலது தனித்தனி, பல நீளங்களில் வரும். லாக்கிங் என்றால் ஸ்க்ரூவின் தலையிலும் மரை இருக்கும், அது பிளேட்டின் ஓட்டையோடு திருகிப் பூட்டிக்கொள்ளும். சாதாரண ஸ்க்ரூ எலும்பில் பிடித்து பிளேட்டை எலும்போடு அழுத்தும். இதில் ஸ்க்ரூவும் பிளேட்டும் ஒரே சட்டமாகிவிடும். எலும்பு மெலிந்த வயதானவர்களுக்கு இது பெரிய உதவி. முப்பது வயதுக்காரரின் கெட்டி எலும்புக்கு லாக்கிங் கட்டாயம் என்று நான் நினைக்கவில்லை, அங்கே அந்த முன்கூட்டிய வளைவுதான் நிஜமான லாபம். அந்த வளைவும் எல்லாருக்கும் பொருந்தாது. உயரம் குறைந்த பெண்களின் எலும்பு சிறியது, வளைவும் வேறு. ரெடிமேட் சட்டை மாதிரிதான், சிலருக்குத் தோளில் உட்காரும், சிலருக்குத் தொங்கும். 3.5 எம்.எம். பிளேட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து அது பிளேட்டின் தடிமன் என்று நினைத்துவிட வேண்டாம், ஸ்க்ரூவின் அளவு அது. முறிவுக்கு ஒவ்வொரு பக்கமும் குறைந்தது மூன்று ஸ்க்ரூவாவது நன்றாகப் பிடிக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஏழு, எட்டு ஓட்டைப் பிளேட் என்று எஸ்டிமேட்டில் பார்த்தால் பயப்பட ஒன்றும் இல்லை.

இனிமேல்தான் எனக்கு யாரும் தானாகச் சொல்லாத கேள்வி: பிளேட்டை எலும்பின் மேலே வைப்பதா, முன்பக்கம் சற்றுக் கீழாக வைப்பதா?

முருங்கைக் கிளையில் ஒருவன் தொங்கினால் கிளையின் மேல்பக்கம்தான் முதலில் பிளக்கும். காறை எலும்பின் வெளி முனையில் கை தொங்குகிறது, அதனால் உடைந்த எலும்பும் மேல்பக்கம் வாய் திறக்கப் பார்க்கும். அங்கே பிளேட்டை வைத்தால் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஆய்வுக்கூடத்தில் வளைத்துப் பார்த்த சில சோதனைகளிலும் மேலே வைத்ததுதான் பலம் என்று வந்திருக்கிறது. ஆபரேஷனும் எளிது, தோலையும் அதற்கடியில் மெல்லிய தசையையும் விலக்கினால் எலும்பு. சிக்கலும் அங்கேதான். தோலுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் மறைக்க ஒன்றுமே இல்லை. ஒல்லியானவர்களுக்குப் பிளேட்டின் விளிம்பைக் கண்ணாலேயே எண்ணலாம். பை வார், உள்ளாடைப் பட்டி, காரின் சீட் பெல்ட், எல்லாம் சரியாக அதே இடத்தில் வந்து உட்காரும். தோளில் மூட்டை சுமப்பவருக்கும், உற்சவத்தில் தண்டைத் தோளில் வாங்கிச் சாமி தூக்குகிறவருக்கும் மேல் பிளேட் என்பது பிழைப்பில் கைவைக்கிற விஷயம். துளை போடும்போது டிரில் முனை கீழ்நோக்கிப் போகும், கீழே கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்களும் நுரையீரலின் உச்சியும் இருக்கின்றன. எலும்புக்கு அடியில் ஒரு தகடு கொடுத்துத் தடுத்துக்கொண்டுதான் துளைப்பார்கள், பழகிய கைக்கு இது தினசரி வேலை என்றாலும், ஆபத்து பூஜ்யம் இல்லை.

முன்பக்கம் வைத்தால் தசைக்குள் புதைந்து இருக்கும், உறுத்தல் குறைவு. ஸ்க்ரூ எலும்பின் அகலமான பக்கமாகப் போவதால் நீளமாகவும் போடலாம், நடுப்பகுதியில் டிரில் ரத்தக்குழாய்களுக்கு விலகிய திசையில் போகும். ஆனால் தோள் தசையையும் மார்புத் தசையையும் எலும்பிலிருந்து கொஞ்சம் பிரித்தெடுக்க வேண்டும். இன்னொரு நுணுக்கம், நெஞ்சுக்கு அருகில் வரவர அந்த ரத்தக்குழாய் எலும்புக்கு நேர் பின்னால் வந்துவிடுகிறது, அங்கே முன்னிருந்து பின்னாகத் துளைப்பதுதான் ஆபத்து, மேலே வைப்பது பரவாயில்லை. ஆக முன்பக்கம் எப்போதும் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் முழுதாக நம்ப வேண்டாம், எந்த இடத்தில் என்று கேட்க வேண்டும். எலும்பு கூடுவதைப் பொறுத்தவரை இரண்டு இடத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உறுத்தலால் பிளேட்டை எடுக்கவேண்டி வருவது முன்பக்கத்தில் குறைவு என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, பெரிய வித்தியாசம் இல்லை என்று வேறு சில. என் அலுவலகத்தில் ஒரு தோழிக்கு முன்பக்கம் வைத்திருக்கிறார்கள், மூன்று வருடமாகிறது, பிளேட் இருப்பதே மறந்துவிட்டது என்கிறார். ஒருவர் அனுபவம் ஆய்வாகாது, ஆனாலும் நான் அவர் தோளைப் பார்த்துப் பொறாமைப்பட்டது உண்மை.

இரண்டுக்கும் நடுவழி ஒன்று சமீப காலமாகப் பேசப்படுகிறது. ஒரு தடித்த பிளேட்டுக்குப் பதிலாக இரண்டு மெல்லிய சிறு பிளேட், ஒன்று மேலே, ஒன்று முன்னே, ஸ்க்ரூக்கள் 2.7 எம்.எம். அல்லது அதற்கும் சின்னது. இரண்டு திசையில் பிடிப்பதால் பலம் குறையாது, தோலுக்கடியில் துருத்தாது, திரும்ப எடுக்கவேண்டி வருவது குறைவு என்கிறார்கள். சின்னச் சில்லுகளைப் பொறுக்கி ஒட்டவும் வசதி. ஆனால் பிளேட்டும் ஸ்க்ரூவும் இரட்டிப்பு, பில்லும் அப்படி, தியேட்டரில் நேரமும் கூடும். என் மூன்றாவது டாக்டர் இதைச் சொன்னார். கையால் வேலை செய்கிற, ஒல்லியான உடம்புக்காரர்களுக்கு எதிர்காலத்தில் இதுதான் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிளேட்டே இல்லாமல் எலும்பின் உள்ளே வளையும் டைட்டானியம் கம்பி ஒன்றைச் செலுத்தும் முறையும் உண்டு, டென்ஸ் நெயில் என்பார்கள். நெஞ்சுப் பக்கம் ஒரு சின்னக் கீறல், அதன் வழியாக இரண்டு மூன்று எம்.எம். கம்பி. தழும்பு சிறியது, தோல் மரத்துப்போவதும் குறைவு. இரண்டே துண்டான முறிவுக்கு நல்ல வழிதான், ஆறு மாதம் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் கை வேலைசெய்வதில் பிளேட்டுக்கு இளைத்ததில்லை. சில்லு சில்லாக உடைந்திருந்தால் கம்பியின் மேல் துண்டுகள் வழுக்கி மறுபடி குறுகிவிடும், வளையல் கோத்த கம்பியில் வளையல் நெருங்குகிற மாதிரி. நுழைத்த இடத்தில் முனை தோலைக் குத்தும், அதனால் எடுக்கும் ஆபரேஷன் ஏறக்குறைய நிச்சயம். இதற்குப் பதில் கே-ஒயர் என்கிற சாதாரணக் கம்பியை இன்றும் யாராவது சொன்னால் இரண்டு முறை யோசியுங்கள். அது நகர்ந்து நெஞ்சுக்குள், நுரையீரலுக்கு, இதயத்துக்கே போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

தோள் ஓரத்தில் உடைந்தவர்களுக்கு இதெல்லாம் வேறு கதை. அங்கே வெளித்துண்டு சின்னது, ஸ்க்ரூ பிடிக்க இடமே இருக்காது. அதற்காக வந்தது ஹூக் பிளேட். அதன் முனையில் கொக்கி இருக்கும், அது தோள்பட்டை எலும்பின் கூரைக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டு நெம்புகோல் மாதிரி எலும்பைக் கீழே அழுத்திப் பிடிக்கும். நன்றாகப் பிடிக்கும். ஆனால் கையைத் தூக்கும்போதெல்லாம் அந்தக் கொக்கி மேலே உள்ள எலும்பை உரசும், நாளாக ஆக அரித்துக் குழியாக்கும், கீழே தோள் தசைநாரையும் தேய்க்கும். அதனால் எலும்பு கூடியவுடன், மூன்று நான்கு மாதத்தில் எடுத்தே தீர வேண்டும். திருச்சியில் சித்தப்பா மகன் ஒருவனுக்கு இதைப் போட்டார்கள். எடுக்க வேண்டும் என்று சொன்னதை அவன் காதில் வாங்கவில்லையா, அவர்கள் சொல்லவே இல்லையா என்பது இன்றுவரை குடும்பத்தில் வழக்கு. எட்டாவது மாதம் கை தோளுக்கு மேல் ஏறாமல் போனபிறகுதான் எடுத்தார்கள். ஹூக் பிளேட் என்றால் ஒரு ஆபரேஷன் அல்ல, இரண்டு என்று முதல் நாளே பணத்தையும் லீவையும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். மாற்று என்னவென்றால், ஓரத்தில் சின்னச் சின்ன லாக்கிங் ஸ்க்ரூக்கள் கொத்தாகப் போடும்படி அகன்ற பிளேட், தேவைப்பட்டால் கூடவே கீழே உள்ள எலும்போடு இழுத்துக் கட்டும் பலமான நூல். அதற்கு ஏற்ற துண்டு இருந்தால் நான் அதைத்தான் கேட்பேன்.

இப்போது கவுன்டர் பெண்ணின் கேள்வி. டைட்டானியம் ஸ்டீலைவிட வளைந்துகொடுக்கும், விறைப்பு ஏறக்குறைய பாதி, எலும்பின் விறைப்புக்குக் கொஞ்சம் நெருக்கம். ஸ்டீலில் நிக்கல் உண்டு, கவரிங் நகை போட்டால் கழுத்து அரிக்கிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், அவர்களுக்கு டைட்டானியம்தான். எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாது என்ற பயம் இரண்டுக்குமே பெரும்பாலும் தேவையில்லாதது, ஸ்டீல் சுற்றிலும் படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கும், அவ்வளவுதான். டைட்டானியத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, விற்பவர்கள் சொல்வதில்லை: லாக்கிங் ஸ்க்ரூவின் தலை பிளேட்டோடு ஒட்டிப்போய், எடுக்கும்போது திருகினால் சுற்றாமல் தலை மழுங்கிவிடும். பிளேட்டை எடுக்கப்போகிறோம் என்று முன்பே தெரிந்தால் ஸ்டீல் ஒன்றும் கேவலம் இல்லை. எலும்பு இரண்டிலும் கூடும். விலை வித்தியாசம் வீட்டுக்குப் பாரமாக இருந்தால் ஸ்டீல் போட்டுக்கொண்டு, மிச்சப் பணத்தைப் பிசியோதெரபிக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

பணம் என்றதும் ஒன்று. சாலை விபத்து என்றால் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும். அதன் பிறகு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ சொந்த இன்சூரன்ஸோ பார்க்க வேண்டும். தனியார் பாலிசி என்றால் பிளேட்டுக்கு உச்சவரம்பு இருக்கிறதா, எடுக்கும் ஆபரேஷனுக்கும் கொடுப்பார்களா என்று இரண்டையும் முன்னாலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டாவதைக் கேட்கத் தோன்றவில்லை.

பிளேட் போட்டால் மறுவாரமே வண்டி ஓட்டலாம் என்ற கதைக்கு ஒரு மனிதர் காரணம். 2013-இல் மோட்டோ ஜி.பி. பைக் பந்தய வீரர் ஹோர்கே லொரென்சோ நெதர்லாந்தின் ஆசென் பந்தயத்துக்கு முந்தைய பயிற்சியில் வியாழக்கிழமை காறை எலும்பை உடைத்துக்கொண்டு, அன்று இரவே பார்சலோனா பறந்து பிளேட் போட்டு, சனிக்கிழமை பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தார். எல்லாரும் சொல்வது இதுவரைதான். இரண்டு வாரம் கழித்து ஜெர்மனியில் மறுபடி விழுந்து அந்தப் பிளேட் வளைந்துபோனது, மறுபடி தியேட்டர். அந்த வருடப் பட்டத்தை நான்கு புள்ளியில் இழந்தார். பிளேட் என்பது எலும்பு கூடும்வரை முட்டுக்கொடுக்கிற சாரம், எலும்பு அல்ல. எனக்குச் சொன்னது: இரண்டு வாரம் ஸ்லிங், ஆறு வாரம் டீ டம்ளருக்கு மேல் எடை தூக்கக் கூடாது, ரோட்டில் சைக்கிள் மூன்று மாதம் கழித்து எக்ஸ்ரே பார்த்து. நான் மூன்றரை மாதத்தில் ஏறினேன்.

என் முடிவைச் சொல்லியாக வேண்டும். இவ்வளவும் படித்துவிட்டு முன்பக்கப் பிளேட் என்று மனதில் முடிவோடு போனேன். இரண்டாவது டாக்டர், நின்று படம் எடுத்தவர், பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க சொல்றது சரிதான். ஆனா நான் இருபது வருஷமா மேலதான் வைக்கிறேன், முன்னாடி வெச்சது விரல் விட்டு எண்ணலாம். முன்னாடிதான் வேணும்னா, அதையே வழக்கமா செய்றவர் ஒருத்தர் இருக்கார், எழுதித் தரேன்." இந்த நேர்மைக்கு முன்னால் என் படிப்பெல்லாம் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. ஏற்கெனவே ஏழு நாள் ஆகியிருந்தது, இரண்டு மூன்று வாரம் தாண்டினால் உள்ளே புது எலும்பு கட்டத் தொடங்கித் துண்டுகளைப் பொருத்துவது கஷ்டம். அவர் கைப்பழக்கத்தோடு அவர் வழியிலேயே போகட்டும் என்று மேல் பிளேட், எட்டு ஓட்டை, டைட்டானியம் என்று ஒப்புக்கொண்டேன். இடம், வகை, உலோகம் எல்லாவற்றையும்விட இவர் வாரத்தில் எத்தனை முறை எதைச் செய்கிறார் என்பது எனக்குப் பெரிதாகப் பட்டது, இப்போதும் அப்படித்தான் படுகிறது.

பதினாறு மாதம் ஆகிறது. எலும்பு கூடிவிட்டது, கை முழுதாகத் தூக்குகிறேன். தழும்புக்குக் கீழே உள்ளங்கை அளவு இடம் மரத்துப்போனது பாதிதான் திரும்பியிருக்கிறது, அங்கே ஓடும் சின்னத் தோல் நரம்புகள் கீறலில் அறுபடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். லேப்டாப் பையை வலது தோளில் மாட்டப் பழகிவிட்டேன், இடதில் மாட்டினால் வார் சரியாக மூன்றாவது ஸ்க்ரூவின் மேல் வந்து உட்கார்கிறது. எடுத்துவிடலாமா என்று போன மாதம் டாக்டரிடம் கேட்டேன். ஒன்றரை வருடமாவது ஆகட்டும், எடுத்தபிறகு ஸ்க்ரூ இருந்த ஓட்டைகள் அடையும்வரை அந்த எலும்பு பலவீனம், அதே இடத்தில் மறுபடி உடையலாம், மூன்று மாதம் சைக்கிளை மறந்துவிட வேண்டும் என்றார். மழைக்காலத்தில் எப்படியும் ஈ.சி.ஆருக்குப் போக மாட்டோம், அக்டோபரில் எடுத்தால் ஜனவரிக்கு வண்டி ஏறலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். இன்சூரன்ஸ்காரர்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.